கம்பெனி வாசலில் கடைசிப் பாட்டு

காலையில் என் போனில் ஒரு செய்தி வந்து நின்றது. 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்த பாடல்கள்' என்றது. எனக்காகவாம்! தொட்டுப் பார்த்தால், நேற்று என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்ட ஆங்கிலப் பாட்டுகள். சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு எந்தப் பாட்டு என்று என்னிடமே சொல்ல வருகிறதா இது? நான் யார் தெரியுமா? ஒரு வேன் நிறையப் பெண்களை நாள் முழுக்கப் பாட வைத்தவள்.

பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, அதைத்தான் செய்யப்போகிறேன்.

போனை வைத்துவிட்டு, ஊக்கு தேடி மேசை டிராயரைத் துழாவியபோது அகப்பட்டது அந்த நீலப் பென் டிரைவ். மூடி தொலைந்து, சரவெடி பின்னுகிற நூல் கட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். டீசல், மல்லிகைப்பூ, கொஞ்சம் வெடிமருந்து. இத்தனை வருஷம் கழித்து அதில் வாசனை இருக்க நியாயமே இல்லை. என் மூக்கு நியாயம் பார்ப்பதில்லை.

அப்போது நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் அத்தானின் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, அம்மா இருவரும் டீச்சர்கள். அதனால் நானும் டீச்சர்தான் என்று எங்கள் சர்ச் சபையே முடிவு செய்து வைத்திருந்தது. நானோ 'இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டைக்குக் கீழே ராணி மாதிரி இருந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் பாட்டுகள் குப்பையாகக் கிடந்தன. ஒரே பாட்டு நாலு பெயரில் இருக்கும். நாலு பாட்டுக்கு ஒரே பெயர் இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு, பெயர் மாற்றி, அடுக்கினேன். பாடகர், வருஷம் என்று அடுக்கினால் எங்கள் ஊரில் யாருக்கும் உதவாது. "மழையில நனஞ்சுக்கிட்டே ஓடுவாளே, அந்தப் பாட்டு இருக்கா?" என்றுதான் வந்து நிற்பார்கள். ஆகவே சாமி, சபை, மழை, கல்யாணம், குத்து, அழுகாச்சி என்று ஃபோல்டர் போட்டேன். அதிகம் போனது அழுகாச்சிதான். உலகத்தில் காதலில் ஜெயித்தவர்கள் குறைவு போலிருக்கிறது.

அழுகாச்சிக்கு முதல் வாடிக்கையாளர் வேன் டிரைவர் பால்ராஜ் அண்ணன். ஆசைப்பட்ட பெண்ணையே கட்டி, இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்த மனிதர். ஆனாலும் காதல் தோல்விப் பாட்டு என்றால் உயிர். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத் திருத்தங்கலிலிருந்து பெண்களை ஏற்றிப் போவார். தீபாவளி சீசனில் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பாப்பா, என் வண்டியில ஆளே ஏற மாட்டேங்காக."

அதே கம்பெனிக்கு அதே வழியில் ஒரு மஞ்சள் வேனும் ஓடியது. பெண்கள் அதில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போனார்கள். அண்ணன் வண்டியில் சீட்டு காற்று வாங்கியது. "சனிக்கெழமைக்குள்ள வண்டி நெறயலேன்னா ஒன்னோட டிரிப்பே வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார். அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"மஞ்ச வேன்ல அப்படி என்ன இருக்காம்ணே?"

"பாட்டு நல்லாருக்காம்! ஏன், நம்ம வண்டியில பாட்டு இல்லியா?"

மறுநாள் காலை நானே அவர் வேனில் ஏறினேன். முத்துமாரி அக்கா என்று ஒருவர், சரம் பின்னுவதில் கெட்டிக்காரி, மஞ்சள் வேனைத் தவறவிட்ட எரிச்சலோடு ஏறினார். "ஏலே பால்ராசு, இன்னைக்கும் எங்களக் கொன்னு பொதைக்கப் போறியா?" அண்ணன் பிளேயரைத் தட்டினார். வழி நெடுக ஒரே புலம்பல். கம்பெனி வாசலில், ஒருத்தன் கடற்கரையில் உட்கார்ந்து கதறுகிற பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்கள் இறங்கினார்கள். செல்போனை வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.

நான் பஸ் பிடித்துக் கடைக்குத் திரும்பினேன். அந்தக் கதறலும் கூடவே வந்தது. ரீசார்ஜ் போடும்போது பாடுகிறேன், கார்டு மாட்டும்போது பாடுகிறேன். மதியம் கடைக்கு வந்த ஒரு பெரியவர், "வீட்ல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் பொறி தட்டியது. வெடிமருந்து புழங்குகிற இடத்தில் செல்போன் கிடையாது, ரேடியோ கிடையாது. வாசலில் கடைசியாக எந்தப் பாட்டு காதில் விழுகிறதோ அதுதான் சாயங்காலம் வரை மண்டையில் ஓடும். விரல் சரம் பின்னுவதும் அந்தத் தாளத்துக்குத்தான். கடற்கரையில் கதறுகிறவனோடு நாள் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது?

உடனே வேலையில் இறங்கினேன். கிளம்பும்போது முருகனும் மாதாவும், ஊர் தாண்டியதும் குத்து, கம்பெனி வாசலுக்குத் தவிலும் நாதஸ்வரமும் வெளுத்து வாங்குகிற ஒரு கல்யாணப் பாட்டு. எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்ட பிறகுதான் அண்ணன் பரிதாபமாகக் கேட்டார்: "என் பாட்டு ஒண்ணு ரெண்டாவது போடு பாப்பா." சரி என்று கடைசியில் மூன்று அழுகாச்சியையும் போட்டு, நடுவில் வருகிற மாதிரி எல்லாப் பாட்டுக்கும் வரிசை எண் கொடுத்தேன். படித்த படிப்பு வீணாகவில்லை என்று எனக்கு ஒரே பூரிப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வாசல்ல மறுபடியும் அழுகாச்சி, பாப்பா. ஏறுன நாலு பேரும் காறித் துப்பிட்டுப் போறாக."

வேனில் போய் உட்கார்ந்து முதலிலிருந்து ஓடவிட்டேன். கல்யாணப் பாட்டு முடிந்ததும் மூன்று அழுகாச்சியும் வரிசையாக வந்தன. நான் கொடுத்த எண்ணை அந்த மலிவு பிளேயர் மதிக்கவே இல்லை. எது முன்னால் ஏறியதோ அதை முன்னால் பாடுகிறது, அவ்வளவுதான். ஆஹா, மாட்டிக்கொண்டாயா! எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு பாட்டு ஏறி முடிந்த பிறகே அடுத்த பாட்டு என்று வரிசையாக ஏற்றினேன். அழுகாச்சி மூன்றையும் வழியில் ரயில்வே கேட் வருகிற இடத்தில் சொருகினேன்.

"அண்ணே, கேட் மூடியிருந்தா ஒங்க பாட்டு ஓடட்டும். தொறந்திருந்தா பட்டன அமுக்கித் தாண்டிருங்க. அப்பத்தான் வாசலுக்குக் கல்யாணப் பாட்டு சரியா வரும்."

அன்றிலிருந்து திருத்தங்கல் சிவகாசி வட்டாரத்திலேயே ரயில்வே கேட் மூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வண்டி ஓட்டிய ஒரே டிரைவர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை அவர் வண்டியில் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்கள் கல்யாணப் பாட்டோடு உள்ளே போனார்கள். முத்துமாரி அக்கா முனக, பக்கத்தில் இருந்தவள் பிடித்துக்கொள்ள, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடி முழுக்க அதே பாட்டு. "எந்த வண்டியில போட்டாக?" என்று மஞ்சள் வேன்காரிகள் விசாரித்தார்களாம்.

சனிக்கிழமை காலை நானும் ஏறினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டு வெறுமனே போவதைக் கண்ணாரப் பார்த்தேன். பெண்கள் நகராமல் எங்களுக்காக நின்றார்கள். எனக்கே உட்கார இடமில்லை. தூக்குவாளிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றேன். கேட் திறந்திருந்தது. அண்ணன் பெருமூச்சோடு தன் மூன்று பாட்டையும் தாண்டினார். கம்பெனி வாசலில் வண்டி நின்றபோது தவில் உச்சத்தில் இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. வண்டியே பாடியது.

வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே மேனேஜர். முத்துமாரி அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டித் தடுத்தார்.

"பாட்டு முடியட்டும், இருங்க!"

மேனேஜர் இருந்தார். பாட்டு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, "நெறஞ்சுருச்சே பால்ராஜ்" என்றார். அண்ணன் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அழுகாச்சிப் பாட்டு எதுவும் ஓடாமலே அழுதார். என் வாழ்க்கையில் வாங்கிய எந்தச் சான்றிதழும் அந்தக் காலையில் நான் அடைந்த சந்தோஷத்துக்குப் பக்கத்தில் வராது.

பிறகு நான் டீச்சராகவே ஆகிவிட்டேன், சபை ஜெயித்தது. அத்தான் கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். மெமரி கார்டு கேட்டு யாரும் வருவதில்லை. அண்ணன் வண்டியை விற்றபோது, "நீயே வச்சுக்க பாப்பா" என்று பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று அதைக் காரில் சொருகிக்கொண்டு தாயில்பட்டிப் பக்கம் போனேன். எனக்கு முன்னால் கம்பெனி பஸ் ஒன்று போனது. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு, காதில் வயர். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு தாளத்துக்கு ஆடியது. அதே கம்பெனி வாசலில் பஸ் நின்றதும் வயரைப் பிடுங்கிவிட்டு, பாதிப் பாட்டோடு மளமளவென்று இறங்கினார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. என் காரில் அப்போதுதான் தவில் ஏறிக்கொண்டிருந்தது.

புது வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "இங்கன நிக்கக் கூடாது. என்ன வேணும்க்கா?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. பாட்டு முடியட்டும்."