பைக்குள் மூணு உப்பு

எங்கள் பால்வாடியில் நாற்காலி ஒன்று, பிள்ளைகள் இருபது. சிலேட்டு கிடையாது. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற வழியில் ஓலைக் கொட்டகை போட்டு நடத்தினார்கள். டீச்சருக்கு ஊர் நாசரேத் பக்கம். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலுக்குக் குடை பிடித்து நடந்து வருவார். தோளில் ஒரு துணிப்பை தொங்கும்.

வந்ததும் எங்கள் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, அந்தப் பைக்குள் கையை விடச் சொல்லுவார். உள்ளே கிடப்பதைத் தடவி இன்னதென்று சொல்ல வேண்டும். புளியங்கொட்டை, சிப்பி, வலைக்கயிறு, ஈரமண். மோந்து பார்க்கலாம், காதோரம் ஆட்டிப் பார்க்கலாம். நாக்கில் வைப்பது எல்லாத்துக்கும் கடைசி. அதுதான் பாடம். "தெருவுல ஆடுற ஆட்டத்துக்கு ஒரு டீச்சர், அவளுக்குச் சம்பளம் வேற" என்று என் சித்தி சிரிப்பாள்.

அதில் நான் தோற்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். பச்சைப் புளியங்கொட்டைக்கு நடுவில் வறுத்தது ஒன்றைப் போட்டு வைத்தாலும் என் விரல் எடுத்துக் கொடுத்துவிடும்.

அந்த ஜூன் மாசம் நான் ஒண்ணாங்கிளாசுக்குப் போக வேண்டியவள். அப்பா பிடி கொடுக்கவில்லை. அண்ணன் படிக்கிறான், போதும் என்றார். அவர் உப்பளத்தில் உப்பு வாருகிறவர், அம்மா சுமக்கிறவள். மூட்டை பிடிக்கிற கொட்டகையில் உப்பை நல்லது கெட்டது பிரித்துப் போட ஒரு சின்னக் கை வேணும் என்று கங்காணி வேறு கேட்டு வைத்திருந்தார். இது எப்படியோ டீச்சர் காதுக்குப் போய்விட்டது. அப்பாவைக் கூட்டிவா என்று என்னிடம் மூன்று தடவை சொல்லியனுப்பினார். நாலாவது தடவை அவரே குடையோடு உப்பளத்துக்கு நடந்து போய் நின்றார். அதுக்கப்புறம் அப்பாவால் வராமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் அப்பா பால்வாடிக் கொட்டகைக்குள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். டீச்சர் என் கண்ணைக் கட்டினார். பைக்குள் மூன்று பொட்டலம். பிரித்துத் தொட்டேன். மூன்றும் உப்பு. முந்தின நாள் உப்பளத்துக்குப் போனபோதே டீச்சர் அள்ளி வந்திருக்கிறார்.

"இது மூட்டையில ரொம்ப நாள் கிடந்தது. முனையெல்லாம் தேஞ்சிருக்கு. இது புதுசு, குத்துது." மூன்றாவது பொட்டலத்து உப்பு விரலோடு ஒட்டிப் பிசுபிசுத்தது. "இது கசக்கும். கசப்புத் தண்ணி வடியுமுன்ன அள்ளிட்டாங்க."

அப்பா மூன்றாவதில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி," என்றார் டீச்சர். அவர் குரலே மாறியிருந்தது. "வாயில வைக்காமலே சொல்லுதா. இவ்வளவு கவனம் உள்ள பிள்ளை. இது படிக்க வேண்டிய பிள்ளை."

"ஏளா, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தந்தா?" அப்பா என்னைக் கேட்டார்.

"யாரும் தரல. கை சொல்லுது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. "டீச்சரம்மா, இருவது வருசமா உப்புல நிக்கேன். எனக்கே நாக்குல வச்சாத்தான் தெரியுது. இந்தக் கைக்கு இனி என்ன படிப்பு வேணும்? இன்னைக்கே கங்காணிட்ட சொல்லிருதேன்."

"ஐயோ, நான் அதுக்குக் காட்டல அண்ணாச்சி."

"நல்லாப் பழக்கி விட்டிருக்கீங்க. ரொம்ப உபகாரம்." அப்பா மனசாரக் கும்பிட்டார். கேலி கிடையாது. அவருக்குக் கேலி பேசத் தெரியாது.

டீச்சர் பொட்டலங்களை மடிக்கத் தொடங்கினார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். அதுவரை அண்ணனுக்கு மட்டுமே கிடைத்த இடம். அங்கிருந்து பார்த்தால் உப்புக் குவியல்களுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக் கப்பல்கூடத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். டீச்சர் வாசலில் நின்றார். மூணையும் சரியாகச் சொல்லியும் ஒரு தடவைகூட அவர் கை தட்டவில்லை. எனக்குத் தெரியாத சாமான் இனி எங்கே கிடைக்கும் என்று கவலைப்படுகிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"டீச்சர், நாளைக்கு இதவிடக் கஷ்டமாக் கொண்டாங்க!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

சரி என்று தலையாட்டினார்.