அப்பா கேட்ட திகதிகள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எசன் நகரில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பதினோராம் வகுப்பின் முடிவில் இரண்டு பாடங்களைத்தான் முதன்மைப் பாடங்களாக எடுப்பார்கள். ஒன்று கணிதம், மற்றது உயிரியல். பள்ளிக்கூடம் ஏனோ மற்றப் பாடங்களையும் வீணாக அந்தப் படிவத்தில் அச்சடித்து வைத்திருந்தது. நான் போய் வரலாற்றுக்கு எதிரே புள்ளடி போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடமிருக்கிற வகுப்பில் தள்ளிவிடுவார்கள்.

அம்மா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. டொக்டராகாவிட்டால் என்ன, சட்டத்தரணியாகலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அப்பாதான் மறுத்தார். உணவகச் சமையலறையில் வேலை செய்த அவர், அதுவரை என் படிப்பில் தலையிட்டதே இல்லை.

“வேண்டாம் பிள்ளை. அதிலை திகதியெல்லாம் கேப்பினம்.”

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். என்னை மறதிக்காரி என்று நினைக்கிறாரா? மற்ற வகுப்புகளில் நான் இருக்கிறேனா என்பதே ஆசிரியர்களுக்குச் சந்தேகம். வரலாற்று வகுப்பில் மட்டும் எனக்கு வாய் மூடாது. அது கிடைக்காமல் போய்விடுமோ என்று இரண்டு நாள் அழுதேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு லீவு. என் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தார். தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்து, எப்போது நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மடமடவென்று சொன்னேன். பிறகு ஒரு போரின் ஆண்டைப் பிழையாகச் சொல்லி, உடனே மாற்றிச் சொன்னேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“முதல் ஒண்டு சொன்னாய். இப்ப வேறை சொல்லுறாய்.”

“பிழைச்சா என்னப்பா? ஒரு புள்ளிதானே குறையும்!” என்று கத்தினேன்.

“சரியாச் சொன்னது எல்லாம்?”

“அதுக்குரிய புள்ளியைத் தருவினம்.”

“பேந்து மாத்திறதெண்டால்?”

“வெட்டிப்போட்டு எழுதலாம். ஒண்டும் சொல்லாயினம்.”

“வெட்டி எழுத விடுவினமோ?” என்று இன்னொரு தரம் கேட்டார். ஓம் என்றேன். படிவத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தார். என் வாதத்திறமையால்தான் வென்றேன் என்று ஒரு கிழமை அம்மாவிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பத்து வருடங்களுக்குப் பிறகு, அப்பாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்காகப் பழைய கடிதங்களை அடுக்கியபோதுதான், அவருடைய அகதி விண்ணப்பத்தை முதல்முறை நிராகரித்த கடிதத்தை வாசித்தேன். இராணுவம் உங்களை எந்தத் திகதியில் பிடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் மனதில் இருந்தது நல்லூர்க் கோவில் தேருக்கு மறுநாள் என்பதுதான். தேரோ ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு திகதியில் வரும். முதல் விசாரணையில் உத்தேசமாக ஒரு திகதியைச் சொல்லியிருக்கிறார். பிறகு யாரிடமோ பழைய பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்து, அடுத்த விசாரணையில் சரியான திகதியைச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் பதினொரு நாள் வித்தியாசம். ஆகவே இவர் சொன்ன வேறெதையும் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

மேன்முறையீடு செய்து அது சரிவர வருடக்கணக்காகிவிட்டது. அதுவரை அம்மாவையும், தான் ஊரைவிட்டுப் புறப்பட்ட பிறகு பிறந்த என்னையும், அப்பாவால் கூப்பிட முடியவில்லை. டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் ஒருவர் என்னைத் தூக்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு அப்போது ஐந்தரை வயது. யாரோ என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.