கோட் கழற்றாத அண்ணை

இல்ஃபோர்டில் மாற்றுத்திறனாளிகள் உதவியாளர்களோடு வாழும் வீடொன்றில் வேலை செய்தேன். அங்கே சக்கர நாற்காலியில் இருந்த அண்ணை வீட்டுக்குள்ளும் கோட் போட்டபடியே இருப்பார். "எப்ப வேறை இடத்துக்கு ஏத்துவினமோ தெரியாது" என்பார்.

இரவில் அங்கே உதவிக்கு ஒருவரும் தங்குவதில்லை. இப்படியான வீடுகளை நடத்துவோர் இனிக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்றானபோது நான் பரபரத்தேன். "பரிசோதிக்க வருவினம். இரவுக் கதையைச் சொல்லுங்கோ அண்ணை."

"சொன்னால் வீட்டை மூடுவினம். பிறகு உம்மடை கட்டிலிலையோ நான் படுக்கிறது?"

வந்த வெள்ளைக்கார அதிகாரி, குறை உண்டா என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்து, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சொல்லும்" என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன்.

வீடு பதிவாகிவிட்டது. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்று ஒரு நாள் நினைக்கிறேன். இரவில் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று மறுநாள் நினைக்கிறேன்.