கருணாகரன் மூடாமல் வைத்த டிவிடி

தேயிலை விலை விழுந்தபோது கூடலூர் பக்கத்து நாடுகாணியில் எல்லாரும் எதையாவது குறைத்துக்கொண்டார்கள். ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அங்கே கிளார்க்காக இருந்த கருணாகரன் மீதி மூன்று நாளுக்கு ஜங்ஷனில் ஒரு அறை பிடித்து, கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, கல்யாண வீடியோக்களை டிவிடியில் ரைட் பண்ணிக் கொடுக்க ஆரம்பித்தார். கோயமுத்தூர்க்காரர். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தனக்கென்று ஒரு கொள்கை இருப்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு டிவிடியில் இரண்டு மணி நேரம் கொள்ளும். தோட்டத்துக் கல்யாணமோ அந்த வருஷங்களில் முக்கால் மணிக்குள் அடங்கிவிடும். பந்தியும் சின்னது, வீடியோவும் சின்னது. ரைட் பண்ணும் சாஃப்ட்வேர் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: டிஸ்க்கை மூடிவிடலாமா? மூடினால் அப்புறம் எதையும் சேர்க்க முடியாது. கருணாகரன் ஒரு முறைகூட ‘ஆம்’ சொன்னதில்லை. “நாளைக்கு வளைகாப்பு வரும், காதுகுத்து வரும். இதுலயே போட்டுக்கலாமுங்க” என்பார். ஜனங்கள் அவரைப் புத்திசாலி என்று நினைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

முதல் மாதத்திலேயே மூன்று பேர் படம் வரவில்லை என்று திரும்பி வந்தார்கள். மூன்று பேரின் பிளேயரும் பழசு என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நாலாவதாக வந்தவர் ஆண்டாயி. கொழுந்து பறிப்பவர், சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். தங்கை கருப்பம்மா மட்டும் அங்கே ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். விமல் கல்யாணத்துக்கு, அதாவது ஆண்டாயியின் ஒரே மகன் கல்யாணத்துக்கு, அவளால் வர முடியவில்லை. அவளுக்குக் காட்டத்தான் இந்த டிவிடி. சொந்தக்காரர்களைப் பார்க்கச் சிலோன் போகும் முத்துவேல் அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அடுத்து யார் போவார்கள், எப்போது போவார்கள் என்று தெரியாது.

ஒரு மணிக்கு ஆண்டாயி டிவிடியோடு வந்து நின்றார்.

“கிளாக்கரய்யா, ஒண்ணும் தெரியல. வெறும் நீலமா நிக்குது.”

“பிளேயர் பழசுங்களா?”

“பக்கத்து லயத்து வீட்டுப் பிளேயர்லயும் போட்டேன். அதுவும் நீலந்தான். ரெண்டும் ஒரே நாள்ல கெழடாயிருச்சா?”

கருணாகரன் கம்ப்யூட்டரில் போட்டார். விமல் மாலையோடு சிரித்தான். “பாருங்க, கல்யாணம் உள்ளதான் இருக்குதுங்க.”

“உள்ள இருந்து என்னய்யா? கண்ணுக்கு வராத கல்யாணத்த கருப்பி எப்படிப் பாப்பா?”

கண்ணுக்குத் தெரியாதது இருக்கிறதா இல்லையா என்று பெரிய பெரிய ஆட்களே முடிவு சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆண்டாயி அதை மூன்று மணிக்குள் தீர்க்கச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் கருணாகரன், கூடலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வசந்த்குமாருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு ஆண்டாயிக்கே கேட்டது. “டிஸ்க்க மூடலீங்களாண்ணா? மூடாட்டி வீட்டுப் பிளேயர் படிக்காதுங்கண்ணா.”

கருணாகரன் மவுஸில் கை வைத்தார், எடுத்தார். “ஏனுங்க ஆண்டாயிம்மா, ஒன்னேகால் மணி நேர இடம் சும்மா போகுதுங்களே.”

“போனாப் போகுது, மூடுங்கய்யா.”

“காதுகுத்து வந்தா…”

“முந்தாநேத்துத்தான் தாலி கட்டியிருக்கான். அதுக்குள்ள என் பேரப்புள்ளைக்கும் எடம் போட்டு வச்சிட்டீங்களா?”

அப்படியும் அவருக்கு மனசு வரவில்லை. “சரி, உங்க தங்கச்சிகிட்ட நீங்களே நாலு வார்த்தை பேசுங்க. அதையும் சேத்துப் போட்டு மூடிடறேன்” என்று கம்ப்யூட்டர் மேலிருந்த சின்ன கேமராவை அவர் பக்கம் திருப்பினார்.

ஆண்டாயி அழுவார் என்று நினைத்து முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார். ஆண்டாயி முந்தானையை இழுத்துச் செருகினார். “அடியே கருப்பி! பாஸ்போட்டு எடுக்க ஏலலன்னு கடைசி நிமிஷத்துல சொல்றியே, ஆறு மாசமா நான் என்ன கத்துனேன்?” அங்கே தொடங்கி, சம்பந்தி வீட்டார் சீர் வரிசையில் வைத்த வாழைக்குலைக்கு வந்தார். கருணாகரன் இருமிப் பார்த்தார், இருமலும் பதிவாயிற்று. பதினேழு நிமிஷம். இடம் வீணாகிறதே என்று வருந்திய மனிதர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு ‘ஆம்’ என்பதை அழுத்தினார். டிவிடி சூடாக வெளியே வர இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு இருவரும் எதிரே லெஸ்லியின் டீக்கடைக்கு ஓடினார்கள். அங்கே டிவியும் பிளேயரும் இருந்தன. ஃபாக்டரி ஓடாத நாளானதால் ஆட்களும் இருந்தார்கள். முதலில் நீலம். ஆண்டாயி மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாதஸ்வரம் கேட்டது, விமல் வந்தான்.

“தெரியுதய்யா!”

கருணாகரன் பின்பாதியையும் ஓட்டிப் பார்த்தார். ஆண்டாயியின் குரல் கடை முழுக்க ஒலித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மாள் வாழைக்குலையை முந்தானையால் மூடி மூடி வைத்த இடத்துக்குப் பேச்சு வந்தபோது பஸ் ஹாரன் அடித்தது. வாசலில் முத்துவேல் கை நீட்டினார்.

“சாரே, ஒரு நிமிஷம்! அந்தக் குலைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு எடுக்கலாம்” என்றார் லெஸ்லி.

ஆண்டாயி தானே பட்டனை அமுக்கி டிவிடியை எடுத்து, உறையில் போட்டு, முத்துவேல் கையில் வைத்தார். பஸ் வளைவு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கடையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“மொதல்ல கருப்பி கேக்கட்டும்” என்றார். “அப்புறம் உங்களுக்குச் சொல்றேன்.”