தலைமைத் தளபதி யார்?

யாங்கோனின் பபேடான் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே உள்ள அறையில், அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதால், மியான்மர்ப் பிள்ளைகள் தாங்கள் பார்த்தேயிராத நாட்டின் அரசியல் சட்டத்தை உருப்போடுகிறார்கள். காங்கிரஸ் சட்டம் இயற்றும், ஜனாதிபதி நடைமுறைப்படுத்துவார், நீதிமன்றம் இரு தரப்பையும் தட்டிக்கேட்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரே ஒரு கேள்வியில்தான் ஒவ்வொரு வகுப்பும் கவிழ்கிறது. அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி யார்? சரியான விடை ஜனாதிபதி. போன வார மாதிரித் தேர்விலும் எல்லோரும் ஜெனரல் என்றே குறித்திருந்தார்கள். ஜெனரலுக்கு மேலே யாரையும் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் வேறு எதைக் குறிப்பார்கள்? அது தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை தடவை சொல்றது? அங்க ஜனங்க ஓட்டுப் போட்டு உக்கார வச்சவருக்குக் கீழதான் ராணுவம்!" என்று மேசையைத் தட்டினேன்.

தாகேதாவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த ராணுவமே அவரைப் பிடிச்சு உள்ள போட்டா யாரு தடுப்பாங்க, சயாமா?" டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். காங்கிரஸ், ஜனாதிபதி, நீதிமன்றம் என்று மூன்று கட்டம் போட்டு, அம்புக்குறியால் அழகாக இணைத்திருந்தேன். அவள் கேட்டதற்குப் பதில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

"அதெல்லாம் பரீட்சையில வராது. அடுத்த கேள்விக்குப் போ" என்று எரிந்து விழுந்தேன்.

வந்தால் நானும் பெயில்தான்.