கூழில் கரைத்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வந்தது 2009இல். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு வாரம் ஒரு தடவையாக ஆறு தடவை கடலூரிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். கைக்குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கத் தோளில் ஊசி போடுவார்களே, அந்த மருந்தையே குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விட்டார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ரோஷப்பட்டு எழுந்து, மிச்சமிருக்கும் நோயை அடிக்குமாம்.

சும்மா இருக்க என்னால் எங்கே முடிந்தது. பாண்டிச்சேரியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பி, துத்தநாகமும் செலினியமும் கலந்த சத்து மாத்திரை கொண்டுவந்தான்.

"மாமாவுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தியாவும்க்கா. தெனம் ஒண்ணு குடு."

"டாக்டர் எழுதாதது எதுவும் என் வாயில போவாது" என்று அவர் தள்ளிவிட்டார். பிடிவாதத்தில் நான் மட்டும் என்ன குறைச்சலா? காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றும்போது மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிடுவேன். ஒன்று போதுமா என்ற பயத்தில் இரண்டு மாத்திரையாக.

நாலாவது தடவை மருந்து விட்டு வந்த மறுநாள் குளிர்காய்ச்சல் அவரைத் தூக்கிப் போட்டது. பதறிக்கொண்டு மறுபடி சிதம்பரம் போனோம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுவும் இல்ல சார். கூழுதான்" என்றார் அவர், அத்தனை நிச்சயமாக.

இவரை நானே கொன்றுகொண்டிருக்கிறேனோ என்று எனக்குப் பட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இந்த மருந்தாலயே காய்ச்சல் வரும்மா. உங்க மாத்திரை என்ன பண்ணுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அளவு மீறினா கெடுதல். மொதல்ல நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

காய்ச்சல் இறங்க நாலு நாளாயிற்று. வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கூழை மட்டும் அவரே கரைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒவ்வொரு காலையும் அந்தக் கரண்டிச் சத்தம் கேட்கும்போது நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

மிச்ச மருந்தும் ஏறி, சில மாதம் கழித்து உள்ளே குழாய்விட்டுப் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பும் பேருந்தில், ஆலப்பாக்கம் தாண்டியதும், "நாளைக்குக் கூழு நீயே கரைச்சிடு" என்றார்.

மறுநாள் உப்பைக்கூட அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போட்டேன். முதல் மடக்கை நான் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினேன். அதெல்லாம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.