எழுத்தாளர் வீட்டு வாசலில் ஒரு பானை சொதி

பத்து வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோராம் பக்கத்தில் நிற்கிறது. பெரிய எழுத்தாளர் ஒருவரின் மேசையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பன்னிரண்டாம் பக்கம் தானாக வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒருவர் வாழ்ந்த வீடு, லண்டனிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், ஒரு பழைய சந்தை நகரத்தில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மேசையும் அங்கேயே இருக்கிறதாம்.

தனியாகப் போயிருக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வீட்டில் சொன்னேன். லண்டனில் நாங்கள் இருக்கிற ரெய்னர்ஸ் லேனிலிருந்து மனைவி, மாமி, மச்சான், எழுபது இடியப்பம், ஒரு பானை சொதி என்று கார் நிறைந்து கிளம்பியது. வீட்டைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் சாப்பிடுவதாக ஏற்பாடு.

போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி பானையைப் பார்த்தார். சாப்பாடு உள்ளே வரக்கூடாது, வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை, நான்கு மணிக்கு மேல் யாரையும் விடமாட்டோம் என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

“காரிலை வைச்சிட்டு வாறன்,” என்றேன்.

“இந்த வெயிலுக்கையோ? தேங்காய்ப்பால் புளிச்சுப் போகும். நீங்கள் உதிலை நில்லுங்கோ, நாங்கள் கெதியாப் பார்த்திட்டு வாறம்,” என்றாள் மனைவி.

“மேசை பார்க்க வந்தது நான்!”

“மேசை எங்கையும் ஓடாது, அத்தான்,” என்றான் மச்சான். மாமி ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்.

அன்று சந்தை நாள் வேறு. பானையும் கையுமாக நின்ற என்னிடம் இரண்டு பேர் என்ன விற்கிறேன் என்று கேட்டார்கள். மூன்றாமவர் ஒன்றும் கேட்காமலே வரிசையில் நின்றார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மனைவிக்குப் போன் அடித்தேன்.

“வாறம், வாறம். அம்மா குசினியிலை நிண்டு அடுப்பைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறா.”

“ஆரோடை?”

“இஞ்சை வேலை செய்யிற வெள்ளைக்கார மனுசியோடை.”

“எந்தப் பாஷையிலை?”

“தமிழிலைதான்.”

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வெளியே வந்தார்கள். வாசல் பெண்மணி என்னைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். கதவையும் உண்மையாகவே சாத்தினார்.

“மேசை எப்பிடி?” என்று மச்சானைக் கேட்டேன். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

“சின்னன், அத்தான். இழுத்துத் திறக்க ஒரு லாச்சிகூட இல்லை. உங்கடை மேசை அதைவிட மூண்டு மடங்கு. நீங்கள் இருக்கிற கதிரையும் சுத்தும்.” கொஞ்சம் யோசித்தான். “அந்த மனுசன் அதிலை இருந்தே அத்தனை புத்தகமும் எழுதினவர்?”

ஆற்றங்கரையில் மனைவி இடியப்பத் தட்டை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது போலும். “கோவியாதேங்கோ. வாற கிழமை நீங்கள் தனிய வந்து பாருங்கோ.”

“வேண்டாம்,” என்றேன்.

அவ்வளவு சின்ன மேசையை நேருக்கு நேர் பார்க்கிற தைரியம் இனி எனக்கு வராது.